ஒரு தாசில்தாரின் பெட்டி: பாலக்காட்டுக் குடும்பம் ஒன்றின் ஆவணங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காட்டு அக்ரஹாரம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டை விற்றுவிடுவதென்று அந்தக் குடும்பத்தின் நான்கு கிளைகளும் முடிவு செய்தன. வீட்டைக் காலி செய்தபோது மச்சில் ஒரு தேக்குப் பெட்டி கிடைத்தது. கொள்ளுத்தாத்தா திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தாசில்தாராக இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய காகிதங்கள் இத்தனை மிஞ்சியிருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கல்பாத்தித் தேருக்காக உறவினர்கள் ஊரில் கூடியிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தார்கள். அவருடைய நினைவாக ஒரு மலர் வெளியிடுவது என்றும் அப்போதே பேசி முடித்தார்கள்.

மூத்த கிளையின் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், எங்கள் குழுவை அழைத்தார். பழைய கணக்குகளையும் கடிதங்களையும் படித்துப் பட்டியலிடுவது எங்கள் வேலை. தமிழ், மலையாளம், கிரந்தம் மூன்றையும் படிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் உண்டு. பெட்டியைப் பார்த்ததிலிருந்து மலர் வெளிவந்தது வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். இப்படிப்பட்ட பெட்டிகள் பாலக்காடு, சித்தூர், செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறக்கப் போகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன். தாசில்தாரின் பெயர், தாலுகா, குடும்பத்தின் அடையாளம் எதையும் குறிப்பிடவில்லை.

அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாலக்காடு அன்று பிரிட்டிஷ் மலபாரில், சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. அங்கிருந்து திருவிதாங்கூர் போய் வேலை பார்த்தவர் சமஸ்தானத்தின் கண்ணில் வெளியூர்க்காரர், ‘பரதேசி’. ஆனாலும் போனார்கள். கணக்கும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. 1858 முதல் 1872 வரை திவானாக, அதாவது சமஸ்தானத்தின் தலைமை அமைச்சராக, இருந்த டி. மாதவராவும் அவருக்குப் பின் வந்த சேஷையா சாஸ்திரியும் தஞ்சை வட்டாரத்துக்காரர்கள். அன்று திருவிதாங்கூருக்கு ரயில் கிடையாது. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தது 1902-இல். திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918-இல். அதுவரை பாதி வழி மாட்டுவண்டி, பாதி வழி காயலில் வள்ளம்.

தாசில்தார் வரி வசூலிப்பவர் மட்டும் அல்லர். அவருக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமும் உண்டு. மன்றோ துரை ரெசிடென்டாகவும் (சமஸ்தானத்தில் பிரிட்டிஷாரின் பிரதிநிதி) திவானாகவும் ஒருசேர இருந்த காலத்தில் கோயில் நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதிலிருந்து தேவஸ்வ (கோயில்) நிர்வாகமும் வருவாய்த் துறையின் தலையில் விழுந்தது. கோயில் பூஜைக்கு அரிசி போனதா, ஊட்டுப்புரையில் சாப்பாடு நடந்ததா என்பதையெல்லாம் அவரே பார்க்க வேண்டும். அவருக்குக் கீழே பகுதிதோறும் பார்வத்தியக்காரரும் கணக்குப் பிள்ளைமாரும்; மேலே திவான் பேஷ்கார்; அவருக்கும் மேலே ஹஜூர் கச்சேரி என்ற தலைமை அலுவலகத்தில் திவான். திவானுக்குப் பின்னால் ரெசிடென்ட் துரை, அவருக்குப் பின்னால் சென்னை அரசு.

நெருக்கடி கிளம்பிய இடம் அந்த மேல்நுனி. 1805 உடன்படிக்கையின்படி சமஸ்தானம் ஆண்டுதோறும் சுமார் எட்டு லட்சம் ரூபாய் கப்பம் கட்டி வந்தது. நிர்வாகம் சீர்ப்படாவிட்டால் சமஸ்தானத்தைப் பிடுங்கிக்கொள்வோம் என்று 1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் எச்சரிக்கையும் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திவானும் ஆண்டறிக்கையில் பாக்கி இல்லாத கணக்கைக் காட்டத் துடித்தார். அந்தத் துடிப்பு படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒரு பார்வத்தியக்காரர் குடியானவனின் வாசலில் போய் நிற்பதில் முடியும்.

முதலில் கண்டவை

நாங்கள் போனபோது பெட்டி ஏற்கெனவே பாதி கலைந்திருந்தது. ஹஜூர் முத்திரை உள்ள உத்தரவுகளை மட்டும் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். அவற்றில் இரண்டைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்தும் விட்டார்கள். அந்த இரண்டையும் இனி எதுவும் செய்ய முடியாது. பழைய மசி காகிதத்தை அரித்துக்கொண்டே இருக்கும், மேலே மூடிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். மற்றவை நூல் கட்டுகளாக இருந்தன. இராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தது. ‘வேண்டாதவை’ என்று ஒதுக்கிய குவியல் ஒன்று திண்ணையில் கிடந்தது. பழைய பேப்பர்காரர் மறுநாள் வருவதாக இருந்தது.

அந்தக் குவியலில் இருந்தவை பெரும்பாலும் மனுக்கள். குடியானவர்கள் யாரையாவது பிடித்து எழுதவைத்துக் கைநாட்டு வைத்தவை. சில தமிழில், சில மலையாளத்தில். முத்திரை இல்லை, அழகான கையெழுத்து இல்லை. ஒதுக்கப்பட்டதற்கு அதுதான் காரணம். ஒரு சமஸ்தான அதிகாரியின் காகிதங்களில் மற்ற எங்கும் கிடைக்காத பகுதி இதுதான். ஹஜூர் உத்தரவின் நகல் ஹஜூரில் இருக்கும். கைநாட்டு மனுவுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

இவை தவிர, அவர் தமிழில் அண்ணாவுக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள், வீட்டுச் செலவுக் கணக்குகள், ஓலைச்சுருள் ஒன்று, மேலே அனுப்பிய அறிக்கைகளின் நகல் புத்தகம் ஆகியவை இருந்தன. செலவுக் கணக்கு முழுவதும் பணம், சக்கரம், காசு என்றே ஓடுகிறது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய்; பிரிட்டிஷ் ரூபாயானால் 28½ சக்கரம். ஊருக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் அந்த அரைச் சக்கர வித்தியாசத்தை அவர் ஓரத்தில் தனியாகக் குறித்திருக்கிறார்.

குடும்பத்தில் வழங்கிய இரண்டு கதைகள்

தாத்தா ஒரு தென் தாலுகாவிலிருந்து திடீரென்று மாற்றப்பட்டார் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஏன் மாற்றப்பட்டார் என்பதில்தான் பிளவு. குடியானவர்களுக்காகப் பரிந்து பேசியதால் ரெசிடென்ட் துரை அவரைத் தூக்கியடித்தார் என்பது மூத்த கிளையின் கதை. உயர் பதவிகளில் சமஸ்தானத்துக்காரர்களுக்கு இடம் கேட்ட மலையாளி மெமோரியல் வந்ததும் பரதேசிகளை ஒதுக்கினார்கள், அதில் இவரும் அடிபட்டார் என்பது மூன்றாவது கிளையின் கதை. மலரின் முதல் கட்டுரையை மூன்றாவது கிளையைச் சேர்ந்த ஒருவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். அதில் மெமோரியலில் கையெழுத்திட்டவர்களைப் பற்றிக் கடுமையான சொற்கள் இருந்தன.

மெமோரியலைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. 1891 ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் கொடுத்த விண்ணப்பம் அது. சமஸ்தானத்தின் உயர்ந்த பதவிகளில் சமஸ்தானத்துக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. படித்துவிட்டுத் தன் ஊரிலேயே வேலை கிடைக்காதவர்களின் நியாயமான குறை. அதற்கும் கீழே இன்னொரு அநியாயம் இருந்தது. 1896-இல் டாக்டர் பல்பு முன்னின்று 13,176 பேரின் கையெழுத்தோடு தீண்டாமைக்கு ஆளான ஈழவர்களின் விண்ணப்பத்தைக் கொடுத்தார். அவரே சமஸ்தானத்தில் மருத்துவ வேலை மறுக்கப்பட்டு மைசூர் போனவர். வருவாய்த் துறையோடு தேவஸ்வம் ஒட்டிக்கொண்டிருந்ததால், கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அந்தத் துறையில் சேரவே முடியவில்லை. இரண்டையும் பிரித்தது 1922-இல். எங்கள் தாசில்தார் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இத்தனை பேர் வரவே வழியில்லாமல் இருந்தது என்பதை அவருடைய நினைவு மலர் மறக்கலாகாது என்று நான் முதல் நாளே சொன்னேன். அது எல்லோருக்கும் பிடிக்கவில்லை.

தேதிக் கணக்கு

மாற்றல் உத்தரவு லேமினேட் செய்த இரண்டில் ஒன்று. ‘1066 சிங்ஙம்’ என்று தெளிவாக இருந்தது. கட்டுரையாளர் கொல்லம் ஆண்டோடு (சமஸ்தானத்தில் வழங்கிய மலையாள ஆண்டு) 825-ஐக் கூட்டி 1891 என்று எழுதியிருந்தார். மெமோரியல் ஜனவரி 1891, மாற்றல் ஆகஸ்ட் 1891: காரணமும் விளைவும் அடுத்தடுத்து நின்றன.

கணக்கு அப்படி வராது. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு சிங்ஙம் முதல் தேதி, அதாவது நம் ஆவணி முதல் தேதி, ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் முடியும் வரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல்தான் 825. ஆகவே 1066 சிங்ஙம் என்பது 1890 ஆகஸ்ட்–செப்டம்பர். மெமோரியல் கொடுக்கப்படுவதற்கு மாதங்களுக்கு முன்பே இவர் மாற்றப்பட்டுவிட்டார். (வடமலபாரில் ஆண்டு கன்னியில், அதாவது புரட்டாசியில், பிறக்கும் வழக்கமும் உண்டு, ஆதலால் உத்தரவு எந்த ஊர்க் கச்சேரியிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இது ஹஜூரிலிருந்து வந்தது, ஐயத்துக்கு இடமில்லை.)

இதைக் கட்டுரையாளரிடம் சொன்னபோது அவர் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து தானே போட்டுப் பார்த்தார். “அப்படியானால் ரெசிடென்ட் கதைதான் சரியா?” என்று கேட்டார். அதற்கும் ஆதாரம் இருக்க வேண்டுமே என்றேன்.

கட்டைப் பிரிக்காமல் படித்தது

அதுவரை நாங்கள் எடுத்திருந்த முதல் முடிவு, நூல் கட்டுகளை இருந்தபடியே வைப்பது. தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிவிடலாம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள், மறுத்தோம். அதிகாரி எதை எதோடு சேர்த்துக் கட்டினார் என்பதே ஒரு சாட்சியம். முடிச்சோடு படம் எடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலால் எண் போட்டு, அந்த வரிசையிலேயே படித்தோம்.

மாற்றல் உத்தரவை எந்தக் கட்டிலிருந்து உருவினார்கள் என்பது ஒரு பேத்திக்கு நினைவிருந்தது. நூலின் தழும்பும் அதையே காட்டியது. அந்தக் கட்டில் இருந்தவற்றைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

முதலில் 1065 மீனத்தில் (பங்குனியில்) வந்த மனு. கடைமடைக் குளத்தில் தண்ணீர் இல்லாமல் கும்பப்பூ (மாசியில் அறுக்கும் நெல்) சாவியாகப் போய்விட்டது, வரியைத் தள்ள வேண்டும் என்று ஓர் ஊர்க் குடியானவர்கள் கேட்டிருக்கிறார்கள். தெற்கே அன்று பேச்சிப்பாறை அணை கிடையாது. அது முடிந்தது 1906-இல். மழை பொய்த்தால் கால்வாயின் கடைசியில் இருப்பவனுக்கு வழியே இல்லை.

அதன் மேல் தாசில்தார் பேஷ்காருக்கு அனுப்பிய அறிக்கையின் நகல். தானே போய் வயலைப் பார்த்ததாகவும், கதிர் பிடிக்கவே இல்லை என்றும், வரித் தள்ளுபடி கொடுப்பது நியாயம் என்றும் எழுதியிருக்கிறார். மூத்த கிளையின் கதைக்கு வித்து இதுதான்.

அதன் மேல் பதில். தள்ளுபடி ஆலோசனையில் இருப்பதாகவும், ஆண்டு முடிவதற்குள் பாக்கி இல்லாமல் வசூலிக்க வேண்டும் என்றும் இரண்டே வரி. சமஸ்தானத்தின் கணக்கு ஆண்டும் கொல்லம் ஆண்டுதான், கர்க்கடகத்தோடு (ஆடியோடு) முடியும்.

அதன் மேல் ஜப்திப் பட்டியல். ஒவ்வொரு வீட்டின் பெயரோடும் எடுத்த பொருள்கள்: வெண்கல உருளி, செம்புக்குடம், ஏர், காளை, கறவைப் பசு. அடியில் அதே தாசில்தாரின் கையெழுத்து. ஒரு வரிக்குப் பக்கத்தில் அவர் கையால் சிறிதாக ஒரு குறிப்பு: ‘கன்றை விட்டுவிடவும்’. பசுவைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னவரும் அவர்தான், கன்றை விடச் சொன்னவரும் அவர்தான். பசு இல்லாமல் அந்தக் கன்று எப்படிப் பிழைத்திருக்கும் என்ற கேள்வி குழுவில் எல்லோருக்கும் எழுந்தது.

அதன் மேல் இன்னொரு மனு. இது அவருக்கு வந்தது அன்று. அவர்மேல் ஹஜூருக்குப் போய், விளக்கம் கேட்டு அவருக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வயலைப் பார்த்துப் பரிதாபப்பட்டவரே வந்து உருளியைத் தூக்கிப்போனார் என்று குடியானவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அவர் கொடுத்த விளக்கம் நான்கு பக்கம். பேஷ்காரின் உத்தரவை மேற்கோள் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே மாற்றல் உத்தரவு. காரணம் எதுவும் இல்லை, ‘நிர்வாக வசதி’ மட்டும்.

ரெசிடென்ட் பெயர் அந்தக் கட்டில் ஓரிடத்திலும் வரவில்லை. துரை நேரில் வந்து யாரையும் அதட்ட வேண்டிய தேவையே அங்கு இல்லை என்பதைத்தான் அந்தக் கட்டு காட்டுகிறது. பாக்கி இல்லாத ஆண்டறிக்கை வேண்டும் என்ற எதிர்பார்ப்பே போதும். மற்றதை உள்ளூர் அதிகாரிகளே ஒருவர் கையால் ஒருவர் செய்து முடித்தார்கள். மகாராஜாவின் பெயரால், நம் மொழியில், நம்மவர் கையெழுத்தால் நடந்தது. காலனி ஆட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் சுலபமாகத் தாண்டிப் போகிற இடம் இது.

அந்த வாரம் அண்ணாவுக்கு எழுதிய கடிதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று கேட்கிறார். தங்கை மகனின் பூணூலுக்குப் பணம் அனுப்புவதாக அதே கடிதத்தில் எழுதுகிறார். அவர் வேலையை விடவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கட்டு முழுவதையும் மலரில் வெளியிட வேண்டும் என்று நாங்கள் சொன்னோம். தள்ளுபடிக்குப் பரிந்துரைத்த அறிக்கையை மட்டும் போடலாம், ஜப்திப் பட்டியல் வேண்டாம் என்று மூத்த கிளைத் தலைவர் கேட்டுக்கொண்டார். “பெரியவரைக் கொண்டாடத்தானே மலர்?” என்றார். அவர் வருத்தம் புரிந்தது. ஆனால் அந்த அறிக்கையை மட்டும் அச்சிட்டால், உருளியைப் பறிகொடுத்தவர்களின் குரலை இரண்டாம் முறை அழிப்பதாகும். பாதியைப் போடுவதானால் எங்கள் படியெடுப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இது கடினமான நிலைப்பாடுதான். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

வழியைத் திறந்தவர் கட்டு இருந்த இடத்தை நினைவில் வைத்திருந்த அந்தப் பேத்தி. “அவருக்கு வெட்கமாக இருந்திருந்தால் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டிருப்பாரே பெரியப்பா? பத்திரமாகக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறாரே” என்று கேட்டார். அதன் பிறகு பேச்சு மாறியது.

பெயர்கள் விஷயத்தில் குடும்பத்தின் பக்கம் நின்றோம். ஜப்திப் பட்டியலில் ஆட்களின் பெயரோடு சாதியும், சிலருக்கு இழிவான அடைமொழியும் இருந்தன. அந்த ஊரில் அவர்களின் வாரிசுகள் இருப்பார்கள். அச்சில் பெயர்களையும் ஊரையும் நீக்கினோம். படியெடுப்பில் உள்ளபடியே விட்டோம். ஆய்வுக்கு முழு வடிவம் வேண்டும், மலருக்கு வேண்டியதில்லை.

காகிதங்களை எங்கே வைப்பது என்பதில் ஒருமித்த முடிவு வரவில்லை. உத்தியோகக் காகிதங்களை அரசு ஆவணக் காப்பகத்துக்கும் சொந்தக் கடிதங்களைக் குடும்பத்துக்கும் என்று பரிந்துரைத்தோம். கட்டுகளைக் கலைக்காமல் அப்படிப் பிரிக்க முடியாது என்பதால், கட்டு முழுவதும் காப்பகத்துக்கு, அதிலுள்ள சொந்தக் கடிதத்தின் நல்ல பிரதி குடும்பத்துக்கு என்று திருத்தினோம். மூன்று கிளைகள் சம்மதித்தன.

பின்னர் நடந்தது

மலர் அடுத்த ஆண்டு தேருக்கு முன்பே வெளிவந்தது. மெமோரியல் கட்டுரையை அதன் ஆசிரியரே திரும்பப் பெற்றுக்கொண்டு, கொல்லம் ஆண்டுக் கணக்கை விளக்கிப் புதிதாக எழுதினார். மலரில் உருப்படியான கட்டுரை அதுதான் என்பேன். மாற்றல் கட்டு முழுவதும் நடுப்பக்கங்களில் இடம்பெற்றது. மூத்த கிளைத் தலைவர் முன்னுரை எழுதினார். ஜப்தியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் நடுப்பக்கங்களை எடுக்கவும் சொல்லவில்லை.

சம்மதிக்காத கிளை தன் பங்காக நான்கு உத்தரவுகளையும் ஓலைச்சுருளையும் எடுத்துப்போனது. உத்தரவுகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வீட்டின் கூடத்தில், வெயில் படும் சுவரில் தொங்குகின்றன. மசி ஏற்கெனவே வெளுத்திருக்கிறது. ஓலைச்சுருளை நாங்கள் படம் எடுப்பதற்குள் அது போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று இனி யாரும் படித்துச் சொல்லப் போவதாகத் தெரியவில்லை. இந்த வேலையில் ஏற்பட்ட பெரிய இழப்பு அதுதான். திண்ணைக் குவியல் மட்டும் முழுதாகத் தப்பியது.

மலரைப் படித்துவிட்டுத் தெற்கிலிருந்து ஒருவர் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். தன் ஊர்க் குளமாக இருக்கலாம் என்று ஊகித்து, மனுவின் பிரதி கேட்டிருந்தார். குடும்பம் அனுப்பிக்கொடுத்தது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லா வாரிசுகளும் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும்: பட்டியலும் படமும் முடியும் வரை ஒரு தாளும் வீட்டை விட்டுப் போகாது என்று. வாய்ப்பேச்சை நம்பியதால்தான் ஓலைச்சுருள் கைநழுவியது. ஓலையை முதலில் படம் எடுப்பது, காகிதத்தைப் பிறகு எடுப்பது என்று இப்போது வரிசையை மாற்றியிருக்கிறோம். காகிதத்தைப் படிக்க ஆள் கிடைப்பார்கள். ஓலையைப் படிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

லேமினேட் கடைக்குப் போவதைத் தடுக்க, வீட்டை விற்கப் போகும் குடும்பங்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிட்டு வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஒட்டும் டேப் வேண்டாம், நூலை அவிழ்க்க வேண்டாம், திண்ணைக் குவியலை விற்க வேண்டாம் என்பவைதாம் அதில் உள்ளவை. கொல்லம் ஆண்டை மாற்றும் அட்டவணையைப் பின்பக்கத்தில் போட்டிருக்கிறோம், மாதவாரியாக.

மனு கொடுத்த ஊரைத் தேடிப் போவதை இந்த முறை நாங்கள் செய்யவில்லை. கடிதம் வந்த பிறகே அந்த எண்ணம் தோன்றியது. அடுத்த பெட்டியில் ஒரு குளத்தின் பெயர் கிடைத்தால், மலர் அச்சுக்குப் போவதற்கு முன் அந்தக் கரையில் இருப்பவர்களிடமும் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.